நீர் புகாதது எல்லாம் தீ மூட்டாதது அன்று

தொழிற்கூடங்களுக்கு விளக்கு வாங்குவோரிடையே இன்று ஏறத்தாழ எதிர்ப்பின்றி நிலைபெற்றுவிட்ட ஒரு கருத்து உண்டு. எல்.இ.டி. விளக்கு சூடாவதில்லை, ஐ.பி. 65 என்ற தரக்குறி பெற்ற விளக்கினுள் நீரும் தூசியும் புகுவதில்லை. ஆகவே இவ்விரு பண்புகளும் ஒருங்கே அமைந்த விளக்கைச் சாயப்பட்டறையின் ஈரத்திலும் மாட்டலாம், கரைப்பான் ஆவி நிறைந்த வண்ணப்பூச்சு அறையிலும் மாட்டலாம், கழிவுநீர்த் தொட்டிக்குள்ளும் இறக்கலாம் என்பதே அக்கருத்து. வணிகத்தில் 'எஃப்.எல்.பி. ஃபிட்டிங்' (ஃபிளேம்புரூஃப், அதாவது உள்ளே எழும் சுடரை வெளியே விடாதது) என்று வழங்கும், கனத்த வார்ப்பு உறையும் தடித்த கண்ணாடியும் கொண்ட விளக்கு, குண்டு பல்பு காலத்து அச்சத்தின் எச்சம் என்றும், ஆய்வாளர் வரும் நாளுக்காக வாங்கி வைக்கப்படும் வீண் செலவு என்றும் இதன் தொடர்ச்சியாகச் சொல்லப்படுகிறது. கொள்முதல் அலுவலர், மின்பணி ஒப்பந்ததாரர், கடைக்காரர் ஆகிய மூவரும் இதையே சொல்வதால், ஆராயப்படாமலேயே இது பொது அறிவாக ஏற்கப்பட்டுவிட்டது. இக்கருத்து தவறானது என்பதும், அத்தவறு ஏட்டளவில் நில்லாமல் பணியாளரின் உயிர்வரை செல்வது என்பதும் இங்கு நிறுவப்பட வேண்டியவை.

இக்கருத்துக்கு அடிப்படையே இல்லை என்று சொல்ல முடியாது. குண்டு பல்பின் இழை ஏறத்தாழ 2,500 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒளிர்ந்தது. கண்ணாடி உடைந்தால், இழை அறுந்து அணையும்வரை அந்த வெப்பம் ஆவி கலந்த காற்றுக்கு நேராகத் திறந்து நின்றது. எல்.இ.டி.யில் அத்தகைய இழை இல்லை. 60 வாட் குண்டு பல்பு தந்த ஒளியை அது 9 வாட் அளவிலேயே தந்துவிடுகிறது. நெடுநாள் உழைப்பதால், பல்பு மாற்ற ஏணியில் ஏறும் ஆபத்தும் குறைகிறது. ஐ.பி. 65 பெற்ற விளக்கு, திறந்த ஹோல்டரில் தொங்கும் பல்பைவிட ஈரத்தில் மிகவும் மேலானது என்பதிலும் ஐயமில்லை. எஃப்.எல்.பி. விளக்கு பல மடங்கு விலை கூடியது. எந்த ஆலையிலும் பெரும்பகுதி, தீப்பற்றும் ஆவி இல்லாத சாதாரண இடமே. அங்கெல்லாம் அதை மாட்டுவது உண்மையிலேயே வீண். இவை அனைத்தும் சரி. ஆனால் இவ்வுண்மைகளை எத்தனை முறை அடுக்கினாலும், மேற்சொன்ன முடிவு அவற்றிலிருந்து கிடைப்பதில்லை.

தடம் எங்கே மாறுகிறது? இரண்டு வேறுவேறு அபாயங்களை ஒன்றாகக் கருதும் இடத்தில் மாறுகிறது. ஈரமான பணியிடத்தில் அஞ்ச வேண்டியது, மின்சாரம் மனித உடல் வழியே பாய்வது. ஆவியோ எரியக்கூடிய தூசியோ உள்ள பணியிடத்தில் அஞ்ச வேண்டியது, விளக்கின் பொறியோ வெப்பமோ காற்றைத் தீப்பற்ற வைப்பது. முன்னதில் வெளியே இருக்கும் நீரை விளக்கினுள் விடாமல் காக்க வேண்டும். பின்னதில் விளக்கினுள் எழும் தீயை வெளியே விடாமல் காக்க வேண்டும். காப்பின் திசையே நேரெதிரானது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் தன் 36-ஏ பிரிவில் இவ்விரண்டையும் தனித்தனியே வைத்துப் பேசியது. தொட்டி, குழி, குழாய் போன்ற அடைபட்ட இடங்களுக்குள் தக்க பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் 24 வோல்ட்டுக்கு மேற்பட்ட கைவிளக்கைப் பயன்படுத்தக் கூடாது என்பது அதன் ஒரு விதி. அங்கே எரியக்கூடிய வளியோ ஆவியோ தூசியோ இருக்கக்கூடுமானால் எஃப்.எல்.பி. கட்டமைப்பு உள்ள விளக்கைத் தவிர வேறு விளக்கே கூடாது என்பது மற்றொரு விதி. சட்டம் இரண்டு விதிகளாக எழுதியதை, நிலவும் கருத்து ஒரே பல்பினால் நிறைவேற்றிவிட முயல்கிறது. அம்முயற்சி தோற்கும் இடங்களை ஒவ்வொன்றாகக் காணலாம்.

1. ஐ.பி. எண் எதை அளக்கிறது என்று கேட்டவர் எத்தனை பேர்? அது ஓர் உறைக்குள் திடப்பொருளும் நீரும் புகுவதை அளக்கும் பன்னாட்டுக் குறியீடு; முதல் இலக்கம் தூசியையும் இரண்டாம் இலக்கம் நீரையும் குறிக்கும். 65 என்பதிலுள்ள 5, நிமிடத்துக்கு 12.5 லிட்டர் வீதம் 6.3 மில்லி மீட்டர் விட்டமுள்ள முனையிலிருந்து பீச்சப்படும் நீரை அவ்விளக்கு தாங்கியது என்று மட்டும் சொல்கிறது. 66-இல் அது நிமிடத்துக்கு 100 லிட்டர். 67-இல் ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேர மூழ்கல். எண் பெரிதானால் காப்பும் எல்லா வகையிலும் பெரிதாகும் என்ற நம்பிக்கை இங்கேயே உடைகிறது. மூழ்கலைத் தாங்கிய விளக்கு பீச்சு நீரையும் தாங்கும் என்று அக்குறியீடு உறுதி தருவதில்லை, இரண்டும் தேவையானால் இரண்டுக்கும் தனித்தனியே சோதித்து இரண்டு எண்களையும் பொறிக்க வேண்டும். பால் பண்ணையிலும் மீன் பதன ஆலையிலும் நடப்பதுபோல் 80 பாகை வெந்நீரை உயர் அழுத்தத்தில் மிக அருகிலிருந்து அடித்துக் கழுவுவதற்கு நீரிலக்கம் 9 என்ற வேறொரு சோதனையே இருக்கிறது. இவை அனைத்தும் நீரைப் பற்றியவை. விளக்கின் மேற்பரப்பு எவ்வளவு சூடாகும், உள்ளே பொறி எழுமா, காரத்திலும் அமிலத்திலும் அதன் உறை எத்தனை ஆண்டு நிற்கும் என்ற கேள்விகளில் ஒன்றுக்கும் அவ்வெண்ணில் விடை இல்லை. கேட்கப்படாத கேள்விக்கு விடையாக ஓர் எண்ணைக் கொள்வது அவ்வெண்ணின் குற்றமன்று, கொள்பவரின் குற்றம்.

2. நீர் புகாத உறைக்குள் ஆவி புகாது என்பது எந்த இயற்பியல்? விளக்கு எரியும்போது உள்ளிருக்கும் காற்று சூடேறி விரிந்து வெளியேறுகிறது. அணைத்ததும் குளிர்ந்து சுருங்கி வெளிக்காற்றை உள்ளிழுக்கிறது. உட்காற்று 60 பாகையிலிருந்து 30 பாகைக்குக் குளிர்ந்தால், அதன் அழுத்தம் ஏறத்தாழ 9 விழுக்காடு குறையும். அது ஏறக்குறைய ஒரு மீட்டர் உயர நீர்த்தம்பத்தின் இழுவிசைக்குச் சமம். நாள்தோறும் இந்த மூச்சிழுப்பு நிகழும்போது, கேஸ்கெட் எனப்படும் ரப்பர் வளையத்தின் வழியாகவும் கேபிள் நுழையும் கிளாண்ட் வழியாகவும் ஈரமும் ஆவியும் உள்ளே சென்றே தீரும். எஃப்.எல்.பி. விளக்கை வடிவமைத்தவர்கள் இதை மறுக்க முயலவில்லை; ஆவி உள்ளே புகும், உள்ளே வெடிக்கவும் செய்யும் என்று ஏற்றுக்கொண்டே தொடங்கினார்கள். அவ்வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்கும் அளவுக்கு உறை கனமாக வார்க்கப்படுகிறது. உறையின் இரு பகுதிகள் சேரும் இடத்தில் நுட்பமாகக் கடைந்தெடுத்த குறுகிய நீண்ட இடைவெளி விடப்படுகிறது. வெடித்த வளி அவ்விடைவெளி வழியே வெளியேறுவதற்குள் அதன் வெப்பத்தை உலோகம் உறிஞ்சிவிடுவதால், வெளியிலுள்ள ஆவி பற்றுவதில்லை. சுடர் தாண்ட முடியாத இடைவெளியின் பேரளவு மீத்தேனுக்கு 1.14 மில்லி மீட்டர், எத்திலீனுக்கு 0.65, ஹைட்ரஜனுக்கு 0.3-க்கும் குறைவு என்று வளிக்கு வளி மாறுகிறது. ஐ.பி. 65 விளக்கின் மெல்லிய பாலிகார்பனேட் மூடியும் அதைப் பிடித்திருக்கும் கிளிப்புகளும் இத்தகைய அழுத்தத்துக்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல. உள்ளே வெடித்தால் மூடி தெறிக்கும், சுடர் தடையின்றி வெளியேறும்.

3. சூடாவதில்லை என்பது எதனோடு ஒப்பிட்டு? குண்டு பல்போடு ஒப்பிட்டால் சரி. ஆவி பற்றும் வெப்பநிலையோடு ஒப்பிட்டால் ஆராய வேண்டியது. எல்.இ.டி. தான் பெறும் மின்சாரத்தில் பாதிக்கு மேற்பட்ட பங்கைப் பொதுவாக வெப்பமாகவே வெளிவிடுகிறது. குண்டு பல்பு தன் வெப்பத்தைக் கதிராக வீசியெறிந்தது, எல்.இ.டி.யோ அதை அடிப்புறத்து உலோகத் தகடு வழியாகக் கடத்தியாக வேண்டியிருக்கிறது. எனவே ஒளி வரும் முகத்தைத் தொட்டுப் பார்த்துக் குளிர்ச்சி என்று தீர்ப்பளிப்பவர் தவறான பக்கத்தைத் தொடுகிறார். அபாய மண்டலங்களுக்கான விளக்குகள் அதிகபட்ச மேற்பரப்பு வெப்பத்தின்படி டி1 முதல் டி6 வரை வகுக்கப்படுகின்றன: டி1 450 பாகை, டி3 200, டி4 135, டி6 85. விஸ்கோஸ் நூல் உற்பத்தியில் பயன்படும் கார்பன் டைசல்ஃபைடின் ஆவி, பொறி எதுவும் இல்லாமலே 90 பாகை அளவில் பற்றிக்கொள்ளக்கூடியது; அங்கே டி5 விளக்குக்கூடப் போதாது. இந்த வகைப்பாடு, வேறு குறிப்பு இல்லாவிட்டால், சுற்றுப்புற வெப்பம் 40 பாகைக்கு மேற்படாது என்று கொண்டே தரப்படுகிறது. வேலூர், கரூர் போன்ற ஊர்களில் கோடையில் திறந்த வெளியே 40 பாகையைத் தாண்டும்போது, தகரக் கூரையை ஒட்டித் தொங்கும் விளக்கின் நிலையைத் தனியே விளக்க வேண்டியதில்லை. சான்று பெற்ற விளக்குக்கே இந்த நிபந்தனை உண்டென்றால், எவரும் அளக்காத பல்பின் குளிர்ச்சியை எதைக் கொண்டு நம்புவது?

4. வெப்பம் இல்லையென்றால் தீ இல்லை என்று யார் சொன்னது? எரியக்கூடிய வளிக்கலவையைப் பற்றவைக்கத் தேவைப்படும் குறைந்தபட்சப் பொறியாற்றல் மீத்தேனுக்கு ஏறத்தாழ 0.28 மில்லி ஜூல், ஹைட்ரஜனுக்கு ஏறத்தாழ 0.02 மில்லி ஜூல். எல்.இ.டி. பல்பின் கழுத்துப் பகுதியில் டிரைவர் எனப்படும் ஒரு சிறு மின்சுற்று இருக்கிறது. அது 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக மாற்றும்போது அதன் மின்தேக்கி ஏறத்தாழ 325 வோல்ட்டுக்கு ஏற்றப்படுகிறது. 4.7 மைக்ரோ ஃபாரட் அளவுள்ள சிறு மின்தேக்கி அந்நிலையில் தேக்கி வைத்திருக்கும் ஆற்றல் ஏறத்தாழ 250 மில்லி ஜூல்; மீத்தேனுக்குப் போதுமானதைப் போல எண்ணூறு மடங்குக்கும் மேல். அதன் முழுமையும் பொறியாக மாறுவதில்லை. ஆயிரத்தில் இரண்டு பங்கு மாறினாலே போதும். தளர்ந்த ஹோல்டரில் பல்பு அசையும்போதும், ஈரம் ஏறிய சாலிடர் இணைப்பு விடும்போதும், சுவிட்சைத் தட்டும்போதும் எழும் பொறி இதற்கு மிஞ்சியதே.

குறைந்த வோல்ட்டேஜ் விளக்கு இக்குறையைத் தீர்க்கும் என்பாரும் உண்டு. அவர்களுக்கு விடை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. 1913 அக்டோபர் 14 அன்று வேல்ஸ் நாட்டின் செங்கனித் நிலக்கரிச் சுரங்க வெடிப்பில் 439 சுரங்கத் தொழிலாளர் மாண்டனர். பொறியின் பிறப்பிடம் ஐயமற நிறுவப்படவில்லை. ஆயினும் ஐயம் விழுந்த இடங்களுள் முதன்மையானது, மின்கலத்தால் இயங்கிய மின்மணிச் சமிக்ஞைக் கம்பி. அத்தகைய குறைந்த வோல்ட்டேஜ் கம்பியிலிருந்து கேடு வராது என்ற எண்ணத்தை அதையொட்டி நடந்த ஆய்வுகள் தகர்த்தன. மணியின் கம்பிச்சுருளில் தேங்கும் ஆற்றல், சுற்று அறுபடும் கணத்தில் மீத்தேனைப் பற்றவைக்கப் போதுமான பொறியாக வெளிப்படும் என்று அவை காட்டின. வோல்ட்டேஜை மட்டும் குறைக்காமல், சுற்று முழுவதிலும் தேங்கக்கூடிய ஆற்றலையே பற்றவைக்கும் அளவுக்குக் கீழே கட்டுப்படுத்தும் வடிவமைப்பு முறை இவ்வாய்வுகளிலிருந்தே வளர்ந்தது. 24 வோல்ட் என்பது உடலைக் காக்கும் எல்லை; காற்றைக் காக்கும் எல்லை அன்று.

5. காற்று எங்கும் ஒரே காற்றா? ஒரே விளக்கை எல்லா இடத்திலும் மாட்டலாம் என்பவர், ஆவிக்கும் எடை உண்டு, அது தங்குமிடத்தைத் தேடிச் செல்லும் என்பதை மறக்கிறார். மின்கலங்களை மின்னேற்றும் அறையில் வெளிப்படும் ஹைட்ரஜன், காற்றைவிட மிக இலேசானது; அது தங்குவது கூரையடியில், அதாவது விளக்கு தொங்கும் இடத்திலேயே; காற்றில் 4 விழுக்காடு கலந்தாலே பற்றக்கூடியது. பெட்ரோல் ஆவியும் தோல் பதனிடும் ஆலைகளின் தெளிப்புப் பூச்சில் பயன்படும் கரைப்பான்களின் ஆவியும் காற்றைவிடக் கனமானவை. அவை தேங்குவது தரையடிக் குழியில், அதாவது கைவிளக்கு இறக்கப்படும் இடத்திலேயே. இக்காரணம் பற்றியே பணியிடங்கள் மண்டலங்களாகப் பிரிக்கப்படுகின்றன: தீப்பற்றும் கலவை இடைவிடாமல் இருக்கும் இடம் மண்டலம் 0, இயல்பான வேலையின்போது அவ்வப்போது உருவாகும் இடம் மண்டலம் 1, பழுது நேர்ந்தால் மட்டும் சிறிது நேரம் இருக்கும் இடம் மண்டலம் 2. ஒரு விளக்கு மண்டலம் 2-க்குப் பொருந்தி, அடுத்த கதவுக்கு அப்பால் மண்டலம் 1-க்குப் பொருந்தாமல் போகலாம். காற்றை அறியாமல் விளக்கைத் தேர்ந்தெடுப்பது, தேர்வே அன்று.

6. போகட்டும், ஈரத்தில் மட்டுமாவது இக்கருத்து நிலைக்குமா? அங்கும் பாதியளவே நிலைக்கும். ஐ.பி. எண் பல்புக்கு உரியதன்று. பல்பு, ஹோல்டர், மூடி, கேஸ்கெட், கிளாண்ட் எல்லாம் சேர்ந்த முழு ஃபிட்டிங்குக்கு உரியது. ஐ.பி. 65 வெல்கிளாஸ் ஃபிட்டிங்கை வாங்கி, அதன் கிளாண்டுக்குப் பொருந்தாத மெல்லிய ஒயரை நுழைத்து, இடைவெளியில் டேப் சுற்றிய கணத்தில் அவ்வெண் வெறும் அச்செழுத்தாகிவிடுகிறது. மலிவான எல்.இ.டி. பல்புகள் பலவற்றில் டிரைவரின் உள்ளீடும் வெளியீடும் மின்தொடர்பு அறுக்கப்படாதவை. ஒளிரும் சில்லுகளே 230 வோல்ட் மின்வழியோடு நேர்த்தொடர்பு கொண்டவை. கைக்கும் அவற்றுக்கும் இடையே இருப்பது பிளாஸ்டிக் மூடி ஒன்றே. அம்மூடி கரைப்பானாலோ காரத்தாலோ வெடித்துக் கீறல் விட்டபின், நனைந்த கையால் அதைத் தொடுபவரின் உடல்தடை ஏறத்தாழ 1,000 ஓம் என்று கொண்டால், பாயும் மின்னோட்டம் 230 மில்லி ஆம்பியர். உயிர்காக்கும் கசிவுத்துண்டிப்பான் 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்குமாறு அமைக்கப்படுவதை நினைத்தால் இவ்வளவின் கொடுமை விளங்கும். அம்மோனியாவால் இயங்கும் ஐஸ் ஆலையில் பித்தளைக் கிளாண்டும் செம்பு இணைப்பும் அரிக்கப்படுகின்றன. உப்புக்காற்று வீசும் துறைமுகத்தில் அலுமினிய உறை புள்ளி புள்ளியாகத் துளைபடுகிறது. நீர்ச் சோதனையில் நன்னீரே பயன்படுகிறது, பட்டறையில் பாய்வதோ சாயமும் உப்பும் அமிலமும் கலந்த நீர். புதிய விளக்கு ஒருமுறை பெற்ற வெற்றியை ஐந்தாண்டுப் பழைய விளக்கின் தகுதியாகக் கொள்வது எவ்வாறு முறையாகும்?

7. தூசி புகாவிட்டால் தூசியால் ஆபத்தில்லை என்பது எப்படிப் பொருந்தும்? மாவு, சர்க்கரை, பஞ்சு, மரத்தூள் ஆகியவை விளக்கினுள் புகுந்து விளைக்கும் கேட்டினும் விளக்கின்மேல் படிந்து விளைக்கும் கேடு பெரிது. நூற்பாலையின் புளோரூமில் பறக்கும் பஞ்சு, எல்.இ.டி. விளக்கின் வெப்பத்தைக் கடத்தும் உலோக இதழ்களுக்கிடையே போர்வையாகப் படிகிறது. வெப்பம் வெளியேற வழியின்றி உள்ளே ஏறுகிறது. புதிதில் குளிர்ந்திருந்த விளக்கு படிவின் கீழ் குளிர்ந்திருப்பதில்லை. ஐந்து மில்லி மீட்டர் தூசிப் படிவு பற்றும் வெப்பநிலைக்கு விளக்கின் மேற்பரப்பு 75 பாகையாவது கீழே இருக்க வேண்டும் என்று பன்னாட்டுத் தரநிலை விதிப்பது இதனாலேயே; ஐ.பி. எண்ணின் முதல் இலக்கமான 6 இதைப்பற்றி மௌனம் சாதிக்கிறது. தூசி எவ்வளவு பெரிய வெடிபொருள் என்பதற்கு அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துப் போர்ட் வென்ட்வொர்த் சர்க்கரை ஆலை சான்று. 2008 பிப்ரவரி 7 அன்று அங்கே மூடிய கன்வேயருக்குள் எழுந்த முதல் வெடிப்பு, தளங்களிலும் கருவிகளின்மேலும் படிந்துகிடந்த சர்க்கரைத் தூசியைக் கிளப்பிவிட, அடுத்தடுத்த வெடிப்புகளில் 14 பேர் மாண்டனர். அங்கே தீமூட்டியது பெரும்பாலும் சூடேறிய பேரிங், விளக்கு அன்று. ஆனால் பேரிங்குக்குப் பொருந்துவது விளக்குக்கும் பொருந்தும்: படிந்த தூசி தன்னைச் சூடாக்கிய பொருள் எது என்று பார்ப்பதில்லை.

8. அப்படியானால் எஃப்.எல்.பி. விளக்கை வாங்கிவிட்டால் போதுமா? இதுவும் அதே பிழையின் மறுபக்கம். பாதுகாப்பைப் பொருளுக்குள் அடைத்து விற்கலாம் என்ற நம்பிக்கையே இரண்டுக்கும் வேர். எஃப்.எல்.பி. உறையின் போல்ட்டுகளில் ஒன்று விடுபட்டாலும், கடைந்தெடுத்த இணைப்பு முகத்தில் துரு ஏறினாலும், நீர் புகாதிருக்கட்டும் என்று நல்லெண்ணத்தோடு அம்முகத்தில் வண்ணப்பூச்சோ சிலிக்கோனோ பூசினாலும், சான்றளிக்கப்பட்ட உறை அங்கே இல்லை. குறிப்பிட்ட பல்புக்கும் வாட்டுக்கும் சான்று பெற்ற விளக்கினுள் கடையில் கிடைத்த வேறு எல்.இ.டி. பல்பைத் திருகினாலும் அச்சான்று செல்லாது. புரோப்பேனுக்கு உரிய வளிப் பிரிவில் சான்று பெற்ற உறையை ஹைட்ரஜன் சூழலில் மாட்டுவதும் அப்படியே. தோற்றத்தில் கனமாக வார்த்து 'எஃப்.எல்.பி. டைப்' என்று பெயரிட்டு, பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் ஒப்புதலோ சோதனைச் சான்றின் எண்ணோ இல்லாமல் விற்கப்படும் விளக்குகள் இதனினும் மோசம்; அவை அச்சத்தை மட்டும் போக்கி ஆபத்தை அப்படியே விட்டுவைக்கின்றன.

பாதுகாப்பு விளக்கின் வரலாறே இந்த எச்சரிக்கையோடு தொடங்குகிறது. இங்கிலாந்தின் ஃபெல்லிங் சுரங்கத்தில் 1812-இல் 92 பேர் மாண்டதை அடுத்து எழுந்த கோரிக்கையின் பேரில் ஹம்ஃப்ரி டேவி 1815-இல் வடிவமைத்த கம்பிவலை விளக்கு, சுடரைச் சுற்றிய வலையால் அதன் வெப்பத்தை உறிஞ்சி வெளி வளியைக் காத்தது. அறிவியல் சரியாகவே இருந்தது. ஆனால் அவ்விளக்கை நம்பி, முன்பு ஆபத்தென்று கைவிடப்பட்ட சுரங்கப் பகுதிகள் திறக்கப்பட்டன. காற்றோட்டத்தில் செலுத்த வேண்டிய கவனம் தளர்ந்தது. வேகமான காற்றில் சுடர் வலையைத் தாண்டியது. வலை கிழிந்த விளக்குகளும் உள்ளே கொண்டுசெல்லப்பட்டன. விளக்கு அறிமுகமாவதற்கு முந்தைய பதினெட்டு ஆண்டுகளைவிடப் பிந்தைய பதினெட்டு ஆண்டுகளில் வெடிப்பு மரணங்கள் கூடியதை 1835-இன் நாடாளுமன்றக் குழு பதிவு செய்தது. நல்ல விளக்கும், அது எதற்காகச் செய்யப்பட்டது என்பதை மறந்தவர் கையில், தீய விளக்கின் வேலையையே செய்யும்.

9. எஞ்சி நிற்பது செலவு என்னும் வாதம். எஃப்.எல்.பி. விளக்கின் விலையை ஆலையின் மொத்த விளக்குகளின் எண்ணிக்கையால் பெருக்கிக் காட்டி அஞ்சவைப்பது இவ்வாதத்தின் வழக்கம். பெருக்க வேண்டியது மண்டலத்துக்குள் வரும் விளக்குகளின் எண்ணிக்கையால் மட்டுமே. அவ்வெண்ணிக்கையையும் குறைக்க வழியுண்டு: விளக்கை ஆவிக்குள் கொண்டுபோவதற்குப் பதிலாக ஆவிக்கு வெளியே நிறுத்தி, மூடிய தடித்த கண்ணாடி வழியே ஒளியை மட்டும் உள்ளே அனுப்பலாம். 18-ஆம் நூற்றாண்டுப் போர்க்கப்பல்கள் வெடிமருந்து அறையை ஒட்டித் தனி விளக்கறை அமைத்து, கண்ணாடிச் சாளரம் வழியே ஒளி தந்தன. மின்சாரம் பிறப்பதற்கு முன்பே கண்டறியப்பட்ட இத்தீர்வுக்கு இன்றும் விலை குறைவு. காற்றோட்டத்தைச் சீர்செய்து மண்டலம் 1-ஐ மண்டலம் 2 ஆக்குவதும், கூரையடியில் ஹைட்ரஜன் தேங்காமல் திறப்பு விடுவதும், தூசியை நாள்தோறும் அகற்றுவதும் விளக்குச் செலவையும் சேர்த்தே குறைப்பவை. இவற்றில் எதையும் செய்யாமல் மலிவான பல்பை மாட்டுவதைச் சிக்கனம் என்று அழைக்க இயலாது. மிச்சமாகும் பணம் ஆலையின் கணக்கில் சேர்கிறது, அதற்கான ஆபத்தோ தொட்டிக்குள் இறங்கும் ஒப்பந்தத் தொழிலாளரின் கணக்கில் எழுதப்படுகிறது. ஒருவர் சேமித்து இன்னொருவர் ஈடு கட்டும் ஏற்பாட்டுக்கு வேறு பெயர் இருக்க வேண்டும்.

இவ்வொன்பது மறுப்புகளும் சேர்ந்து நிறுவுவது ஒன்றே: பாதுகாப்பு என்பது விளக்கின் பண்பு அன்று, விளக்குக்கும், அதைச் சூழ்ந்த காற்றுக்கும், அதைப் பேணும் முறைக்கும் இடையே உள்ள பொருத்தத்தின் பண்பு. எனவே தேர்வின் வரிசையும் தலைகீழாக மாற வேண்டும். இந்த இடத்தில் எந்த ஆவி அல்லது தூசி உண்டாகிறது, எவ்வளவு அடிக்கடி, எங்கே தேங்குகிறது, எந்த வெப்பத்தில் பற்றுகிறது என்பவை முதலில் எழுதப்பட வேண்டும். அதன்பின் நீர் எந்த வகையில் வருகிறது, அதில் என்ன கலந்திருக்கிறது, பணியாளர் நனைந்த உடலோடு விளக்கைத் தொடும் நிலை உண்டா என்பவை. அதன்பின் கேஸ்கெட்டையும் போல்ட்டையும் யார், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பார் என்பது. மண்டலம், வளிப் பிரிவு, வெப்ப வகுப்பு, ஐ.பி. எண், சுற்றுப்புற வெப்ப வரம்பு ஆகிய ஐந்தும் இவ்விடைகளிலிருந்து தாமே வரும். பல்பின் வாட்டும் விலையும் கடைசியில் பார்க்க வேண்டியவை. முதற்கேள்விக்கு ஆவியும் இல்லை, தூசியும் இல்லை என்று சோதித்துப் பெற்ற விடை வந்தால், ஐ.பி. 65 எல்.இ.டி. விளக்கைத் தயங்காமல் மாட்டலாம். அதை எதிர்ப்பதற்கு இங்கு எந்தக் காரணமும் சொல்லப்படவில்லை. ஆனால் அவ்விடையைச் சொல்ல வேண்டியவர் கடைக்காரர் அல்லர். பல்பின் பெட்டியில் அது அச்சிடப்படுவதும் இல்லை. அதைச் சோதித்தறிந்து, எழுதி, கையொப்பமிட வேண்டிய பொறுப்பு ஆலையை நடத்துபவருக்கே உரியது, ஐ.பி. 65 என்ற எண்ணைக் காட்டி அப்பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது.